நிலுவை ரூ. 310

முப்பது நாள் கெடு.
இடம் கொடுத்தவர் கடையை மூடுகிறாராம்,
கடிதத்தில் அதற்கு மேல் எதுவுமில்லை.
பதினோரு வருஷமாய் நாங்கள் சேர்த்த ஆழங்கள்
அவருடைய ஏதோ ஒரு பெட்டிக்குள் இருந்தன:
பல்லடம் 780. பொங்கலூர் 940.
குண்டடம் 1,240, புகை.

புகை என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.
தண்ணீருக்குப் பதில் கல்மாவு எழும்பும்,
வேப்பமரம் வெளுத்துப் போகும் வரை.
ரிக் வண்டி அடிக்கணக்குப் பேசி காசு வாங்கிக்கொண்டு
அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.
தோட்டத்துக்காரர் சந்தையில்
"ரெண்டு இஞ்சுத் தண்ணிங்க" என்பார்.
ராத்திரி பதினொரு மணிக்கு மேல்
பேர் போடாமல் எங்களிடம் உள்ளதை எழுதுவார்.

அப்படி நாலாயிரத்துச் சொச்சம் குழிகள்.
அவற்றைத்தான் குடி மாற்ற வேண்டும்.

காரணம்பேட்டை பேக்கரியில் ஒன்பது பேர்,
மற்றவர்கள் போனுக்குள்.
நான் நூல் கடைக்காரன், கையில் எப்போதும் பில் புத்தகம் இருக்கும்,
பொருளாளர் ஆக்க அது போதுமாயிருந்தது.
மூன்று சர்வர்காரர்கள். மும்பை மலிவு.
பின்லாந்து பெரிசு, எந்நேரமும் நிற்காதாம்.
சரவணம்பட்டியில் ஒருத்தர், மாடியில் ஒரே அறை.

"நம்ம போர்க் கணக்கைக் கடல் தாண்டியா கொண்டு வெக்கோணும்?"
சென்னியப்பன் கேட்டார்.
"வெச்சா என்னங்க, தண்ணி அங்க ஓடிப் போயிருமாக்கும்?"
தாராபுரம் ரஹ்மத்நிஷா போனிலிருந்து.
தேங்காய் பன் வந்தது, போனது.
அதுவரை வாயே திறக்காத கொடுவாய் மருதாத்தாள்:
"ஏனுங்க, அந்த மெசினு சூடானா என்ன பண்ணுவாங்க?"
"சில பக்கம் தண்ணி ஓட்டிக் குளுத்துவாங்களாமா."
"எத்தனை அடித் தண்ணிங்க?"

டீ ஆறிப்போயிற்று.

மூன்று பேருக்கும் அதையே எழுதிக் கேட்டோம்.
மும்பையிலிருந்து பச்சை இலை போட்ட வண்ணத்தாள் வந்தது.
பின்லாந்து, உங்கள் கேள்வியைப் பெற்றுக்கொண்டோம் என்றது.
சரவணம்பட்டிக்காரர் தமிழில் நாலு வரி:
மெசினுக்கு ஏசி மட்டும்தாங்க.
எங்களுக்கே லாரித் தண்ணி.
போன வைகாசியில போர் போட்டோம்,
900. புகை.

அறுபத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
நாலு பேர் எந்தப் பக்கமும் இல்லை.
சென்னியப்பன் மும்பைக்குப் போட்டிருந்தார்,
ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

வருஷ வாடகை பதினெட்டாயிரத்து அறுநூறு.
நூறு, இருநூறு, ஒருவர் நூற்று ஒன்று மொய் மாதிரி.
நாலாம் நாள் திருச்செங்கோட்டு ரிக் முதலாளி
பத்தாயிரம், ஒரே தடவையில்.
கூடவே ஒரு வேண்டுகோள்:
புதுசாய் எங்கே தண்ணி விழுகிறதோ
அந்த லிஸ்ட் தனக்கு ஒரு நாள் முந்தி வர வேண்டும்.
இரவு இரண்டு மணி வரை சண்டை.
வேண்டாம் என்றவர்களிலேயே பாதிப்பேர்
அவருக்கு இன்னும் பாக்கி வைத்திருப்பவர்கள்.
திருப்பி அனுப்பினேன்.
வங்கி ஐந்து ரூபாய் தொண்ணூறு காசு பிடித்தது,
அது என் கைக்காசு.

மறுநாள் விடியுமுன் ஐம்பது ரூபாய்.
பேர் புத்ராம். இந்தியில் ஒரு குறிப்பு.
எதிர்க்கடைப் பையன் படித்துச் சொன்னான்:
"குண்டடம் சரி. இருபது அடிக் குழாய், அறுபத்திரண்டு.
எண்ணி இறக்கியது நான்."
பெருக்கிப் பார்த்தேன்.
இந்தப் பணத்தை வாங்கலாமா என்று
யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி மாற்றினோம்.
நடுவில் ஒரு தடவை கரண்ட் போனது,
மாடி அறையில் பேட்டரி கத்துவது போனில் கேட்டது,
யாரும் பேசவில்லை.
எண்ணிக்கை ஒத்துப்போனது.
கணக்கில் இன்னும் முந்நூற்றுப் பத்து துண்டு,
நிலுவை என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது மணி பதினொன்று பதினாலு.
புது இடத்தில் முதல் ஆள் வந்துவிட்டார்.
ஊர்: பொங்கலூர்.
அடி: 1,060.
அடுத்த கட்டம் காலி.
அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்,
நிறுத்துகிறார்,
எழுதிக்கொண்டிருக்கிறார்.